சொச்சத்தில் பிறந்த ராஜ எண்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை கொஞ்சமாகவும் ஆசை கொள்ளையாகவும் இருந்த நாளில், கோதண்டராயர் என்றொரு மகாராஜா இருந்தார். எந்த நாட்டுக்கு ராஜா என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் 'அது எங்கள் ஊராயிற்றே' என்று நாலு பேர் சண்டைக்கு வந்துவிடுவார்கள், கதை பாதியில் நின்றுபோகும்.

ராஜா நல்லவர்தான். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்க்கும் குணம் மட்டும் கொஞ்சம் உண்டு. ஒருமுறை பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனவர், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மறுநாள் காலையில் சபை கூடியது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா வருகிறார் என்று கொம்பு ஊதியதும் மந்திரிகள் ஆறு பேரும் விறைப்பாக எழுந்து நிற்பார்கள். ராஜா உள்ளே கால் வைத்ததும் ஆறு பேரும் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுவார்கள். அவர் சிம்மாசனத்தில் அமர்ந்த பிறகு எழுந்து அவரவர் இடத்துக்குப் போவார்கள். ஆறு பேர் என்றேனே, உண்மையில் ஒழுங்காக விழுந்தவர்கள் ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் பாதி மடங்கியதும் 'மூட்டு வலி' என்று முனகிக்கொண்டு நின்றுவிடுவார். மூட்டில் ஒரு வலியும் இல்லை. தொப்பை வழியை மறித்தது, அவ்வளவுதான்.

அந்த ஆறாவது ஆள்தான் கணித மந்திரி ஏகாம்பரம். 'எண்கடல்' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவார். வகுத்தலில் மட்டும் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. மீதி வந்தால், "சொச்சத்தைத் தள்ளு!" என்று ஓலையை மடக்கிவிடுவார். "சொச்சத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் செக்காட்டத்தான் லாயக்கு" என்று அடிக்கடி சொல்லுவார். அரண்மனைக் கணக்கர்கள் அத்தனை பேரும் அவர் வழியில்தான் வகுத்தார்கள்.

சபையின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் விகடன் இடும்பன் உட்கார்ந்திருப்பான். அவனை ஏகாம்பரம் 'சபையின் சொச்சம்' என்று கூப்பிடுவார். அதற்கும் காரணம் இருந்தது. ஒருநாள் அவர் பாதி மடங்கி நின்றபோது, "மீதிப் பாதி சொச்சம், தள்ளிவிட்டார்!" என்று இடும்பன் சொல்லப் போக, ராஜா அன்று முழுவதும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஏகாம்பரத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

ராஜா தொண்டையைச் செருமினார்.

"பக்கத்து நாட்டானிடம் ஓர் எண் இருக்கிறது. ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக எழுதி, எட்டை மட்டும் விட்டுவிடுகிறான். 12345679. அதை ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள் வேல் பிடித்த வீரர்களைப் போல வரிசையில் வந்து நிற்கின்றன! அதைக் கோட்டை வாசலில் செதுக்கி வைத்துக்கொண்டு என்னிடம் மீசையை முறுக்குகிறான். நம்மிடம் கொடி இருக்கிறது, காவல் மரம் இருக்கிறது, பட்டத்து யானை இருக்கிறது. எண் எங்கே?"

ராஜா சிம்மாசனத்தின் கையை ஓங்கித் தட்டினார்.

"எனக்கும் ஓர் எண் வேண்டும். அவனுடையதைவிட மேலானதாக வேண்டும். ஓர் ஊரை ஆண்டபோதும் நான் கோதண்டராயன்தான், ஆறு ஊரை ஆளும்போதும் கோதண்டராயன்தான். அதுபோல எதனால் பெருக்கினாலும் முகம் மாறாத எண்ணாக இருக்க வேண்டும். இருக்கிற இலக்கங்களே இருக்க வேண்டும். புதிதாக ஒருவர் நுழையவும் கூடாது, இருக்கிறவர் ஓடவும் கூடாது. எண்கடலாரே, உம்மைத்தான் கேட்கிறேன்."

ஏகாம்பரம் கண்ணை மூடினார், தாடையைச் சொறிந்தார், பிறகு முகம் மலர்ந்து எழுந்தார்.

"இதோ இருக்கிறது மகாராஜா! பூச்சியம். அதை எதனால் பெருக்கினாலும் பூச்சியமே!"

ராஜாவின் காது மடல் சிவந்தது.

"நான் பூச்சியமா?"

அந்த நேரம் பார்த்துக் கடைசித் தூணிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கோபம் வேண்டாம் மகாராஜா. எண்கடலார் காலையில் கண்ணாடி பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். கண்டதைச் சொல்லிவிட்டார்."

சபை குலுங்கியது, ராஜாவும் சிரித்தார். சிரிக்காதவர் ஏகாம்பரம் ஒருவர்தான். ஆனால் அவர் சும்மா இருந்துவிடவில்லை. கைகூப்பி, குரலில் தேனைக் குழைத்து ஆரம்பித்தார்.

"எளியேன் தோற்றேன் மகாராஜா. ஆனால் என்னைத் திருத்தும் அளவுக்கு இடும்பன் பெரிய அறிவாளியாக இருக்கிறாரே. அவரே அந்த எண்ணைக் கொண்டுவரட்டும். பூச்சியம் கலக்காமல், லட்சத்துக்கு மேற்பட்டதாகக் கொண்டுவரட்டும். முடியாவிட்டால், தங்கள் பாட்டனார் காலத்து வாய்ப்பூட்டு கருவூலத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை அவருக்கு ஆயுளுக்கும் பூட்டிவிடலாம்."

மற்ற ஐந்து மந்திரிகளும், "நியாயம், நியாயம்!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களில் இடும்பனின் நாக்கால் சூடுபடாதவர் ஒருவரும் இல்லை.

ராஜாவுக்கு எண்ணின் மேல் ஆசை கண்ணை மறைத்தது. "அப்படியே ஆகட்டும். மூன்றாம் நாள் கொண்டு வா, இடும்பா" என்று சொல்லிவிட்டார்.

இடும்பன் சிரித்துக்கொண்டேதான் வணங்கி வெளியே வந்தான். தெருவுக்கு வந்ததும் அவன் சிரிப்பு மறைந்தது. அவனுக்கு நிலம் இல்லை, நீச்சு இல்லை, பட்டமும் பதவியும் இல்லை. வாய் ஒன்றுதான் அவன் உழுகிற நிலம். வாய்ப்பூட்டை அவன் ஒருதரம் பார்த்திருக்கிறான். தாடையைச் சுற்றி வெள்ளிப் பட்டை, உச்சந்தலையில் பூட்டு, உதட்டுக்கு நேராகக் கஞ்சி உறிஞ்ச ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டையை நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனவன் அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் பெருக்க ஆரம்பித்தான். ஒன்றரை நாளில் நாலு சுவரும் கரியாயின. லட்சங்கள் வந்தன, பத்து லட்சங்கள் வந்தன. எதையும் இரண்டால் பெருக்கினாலே முகம் மாறி, அடையாளம் தெரியாமல் போயிற்று.

அன்று சனிக்கிழமை. அவன் மனைவி செவ்வந்தி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து சுவரைப் பார்த்தாள்.

"ஏங்க, போன மாசந்தானே சுண்ணாம்பு அடிச்சேன்? உங்களுக்கு என்ன புத்தி பெரண்டு போச்சா?"

"வாய் போகப் போவுதுடி செவ்வந்தி."

"உங்க வாயா? போச்சுன்னா நான் முருகனுக்கு மொட்டை போட்டுக்கிறேன்."

வழக்கமாக இதற்கு அவன் ஒன்பது பதில் சொல்லியிருப்பான். இன்று ஒன்றும் சொல்லாமல் கரிக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் திக்கென்றது. அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்கட்டில் உட்கார வைத்து, உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க நடந்ததெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது.

"ஓடவும் கூடாது, புதுசா நுழையவும் கூடாது, சுத்திச் சுத்தி அதே ஆளுங்க வரணுமா?" என்று கேட்டாள் செவ்வந்தி. அவள் கை நின்றது. "இது எங்கப்பா சொல்லிக் குடுத்த செக்குமாட்டுக் கணக்கு மாதிரியில்ல இருக்கு?"

அவள் அப்பா எண்ணெய்ச் செக்கு ஆட்டியவர். சின்ன வயதில் செவ்வந்தியைச் செக்குப் பலகையில் உட்கார வைத்து மாட்டை ஓட்டச் சொல்லுவார். மாடு சுற்றுகிற சுற்றில் பிள்ளை தூங்கி விழாமல் இருக்க ஒரு கணக்குக் கொடுத்திருந்தார். ஒன்றை ஏழால் வகு. மாடு ஒரு சுற்று வந்தால் நீ ஓர் இலக்கம் சொல்.

"அரமனைல ஏழால வகுக்குறதில்லையா?" என்று கேட்டாள்.

"ரெண்டு இலக்கம் வகுத்துட்டு, சொச்சத்தைத் தள்ளுன்னுடுவாரு."

"தள்ளுவாரு, தள்ளுவாரு. கடைசிச் சொட்டைத் தள்ளினா எங்கப்பா எண்ணெ வித்திருக்க முடியுமா? இங்க பாருங்க."

பக்கத்தில் ஆட்டுக்கல் கிடந்தது. அதன் விளிம்பில் கோலமாவால் எழுதிக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணுல ஏழு போவாது. பக்கத்துல பூச்சியம் போட்டா பத்து. அதுல ஏழு ஒரு தரம் போவும், மீதி மூணு. முப்பதுல நாலு தரம், மீதி ரெண்டு. இருபதுல ரெண்டு தரம், மீதி ஆறு. அறுபதுல எட்டு, மீதி நாலு. நாப்பதுல அஞ்சு, மீதியும் அஞ்சு. அம்பதுல ஏழு, மீதி..."

"ஒண்ணு" என்றான் இடும்பன்.

"ஒண்ணு! மறுபடி பத்து. மாடு பொறப்பட்ட எடத்துக்கே வந்துடுச்சா? இனி ஆயுசுக்கும் இதே சுத்துதான்."

ஆட்டுக்கல்லின் விளிம்பைச் சுற்றி ஒன்று, நாலு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு என்று ஆறு இலக்கங்கள் வட்டமாக நின்றன. ஏழுக்கு அடுத்து மறுபடியும் ஒன்று. இடும்பன் குனிந்து அந்த வட்டத்தை விரலால் ஒரு சுற்று தொட்டு வந்தான்.

"இதைப் பெருக்கிப் பாத்திருக்கியா?"

"எண்ணெ ஆட்டுறவளுக்குப் பெருக்கல் எதுக்கு?"

அவன் கோலமாவை வாங்கித் தரையில் 142857 என்று எழுதி இரண்டால் பெருக்கினான். 285714. வாயைப் பிளந்துகொண்டு மூன்றால் பெருக்கினான். 428571. அதே ஆறு பேர்! எண்ணெய் வழிய வழிய ஆறு வரைக்கும் பெருக்கி, கோவணத்தோடு எழுந்து ஒரு குதி குதித்தான். செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஏழால் பெருக்கினான். குதித்த கால் தரையிலேயே நின்றுவிட்டது.

999999.

"ஆறு வரைக்கும் பொழைச்சீங்க" என்றாள் செவ்வந்தி மெதுவாக. "அவரு ஏழு கேட்டா?"

"கேக்காம விடுவாரா" என்று சொல்லிக்கொண்டே இடும்பன் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாம் நாள் இடும்பன் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு சபைக்குப் போனான். அதன் விளிம்பில் அந்த ஆறு இலக்கங்களையும் சுண்ணாம்பால் வட்டமாக எழுதியிருந்தான். ஏழுக்கு என்ன சொல்வது என்று மட்டும் அவனுக்கு இன்னும் தெரியவில்லை. சபை நடுவில் ஒரு பட்டுத் திண்டு, அதன் மேல் வாய்ப்பூட்டு. யாரோ அதைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கி வைத்திருந்தார்கள்.

கொம்பு ஊதியது. ஆறு மந்திரிகளும் விறைத்து நின்றார்கள். ராஜா வந்தார். ஐந்து பேர் விழுந்தார்கள், ஒருவர் பாதி மடங்கி மூட்டு வலி என்றார். எல்லோரும் இடத்துக்குப் போனார்கள்.

"எங்கே எண்?" என்றார் ராஜா.

"ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்றைம்பத்தேழு, மகாராஜா."

ஏகாம்பரம் மணற்பலகையில் விரலால் அதை எழுதி, இரண்டால் பெருக்கிவிட்டுக் கைகொட்டினார். "285714! முதல் அடியிலேயே முகம் மாறிவிட்டது. பூட்டை எடுங்கள்!"

"பொறுங்கள் எண்கடலாரே. மகாராஜா, இலக்கங்கள் ஓடக் கூடாது, புதிதாக நுழையக் கூடாது என்று கட்டளையிட்டீர்கள். உலாவக் கூடாது என்று கட்டளையிடவில்லையே." இடும்பன் தாம்பாளத்தை உயர்த்திக் காட்டினான். "தாங்கள் தேரேறி நான்கு வீதியும் வலம் வருகிறீர்கள். கிழக்கு வீதியில் பார்த்தவனுக்கும் மேற்கு வீதியில் பார்த்தவனுக்கும் ராஜா ஒருவர்தானே? இரண்டிலிருந்து படித்துப் பாருங்கள். இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு, ஒன்று, நாலு."

ராஜா சிம்மாசனத்தின் விளிம்புக்கு வந்துவிட்டார். "மூன்று!" என்றார். 428571 வந்தது. இடும்பன் தாம்பாளத்தைத் திருப்பினான், நாலிலிருந்து படித்தால் அதேதான். நாலால் பெருக்கினால் 571428. ஐந்தால் 714285. ஆறால் 857142. ஒவ்வொரு தடவையும் வேறொருவர் முன்னால் வந்தார், மற்றவர்கள் அவருக்குப் பின்னால் முறை தவறாமல் நடந்தார்கள்.

"இன்னொன்றும் பாருங்கள்" என்றான் இடும்பன். அவனுக்கு இப்போது கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "வட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்களைக் கூட்டுங்கள். ஒன்றும் எட்டும் ஒன்பது. நாலும் ஐந்தும் ஒன்பது. இரண்டும் ஏழும் ஒன்பது."

"அடடா!" என்று ராஜா தொடையில் தட்டினார்.

"ஏழு" என்றார் ஏகாம்பரம்.

அவர் மணலைத் தடவிவிட்டு மறுபடி பெருக்கினார். முடித்ததும் மணற்பலகையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். ஆறு ஒன்பதுகள்.

"ஒன்று எங்கே? நாலு எங்கே? எட்டு எங்கே? ஆறு பேரும் ஓடிவிட்டார்கள் மகாராஜா! யாரோ ஆறு தடியர்கள் வந்து நிற்கிறார்கள்!"

ராஜாவின் முகம் விழுந்தது. வாய்ப்பூட்டைப் பூட்டக் காத்திருந்த காவலன் திண்டின் பக்கம் நகர்ந்தான். இடும்பன் அந்த ஆறு ஒன்பதுகளையே பார்த்தான். ஒவ்வொன்றும் தன் முழு உயரத்துக்கு, இதற்கு மேல் வளர இடமில்லாமல், விறைப்பாக நின்றது. இப்படி ஆறு பேர் விறைப்பாக நிற்பதை எங்கே பார்த்தோம் என்று யோசித்தான். பார்த்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை.

"ஓடவில்லை மகாராஜா! எழுந்து நிற்கிறார்கள். கொம்பு ஊதியாயிற்று!"

"என்ன உளறுகிறாய்?"

"அவரவர் இடத்தில் அவரவர் அளவில் இருந்த ஆறு மந்திரிகள், ராஜா வருகிறார் என்றதும் எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து நிற்கிறார்கள். ஒன்பதுக்கு மேல் ஓர் இலக்கம் எப்படி நிமிரும்? வர வேண்டிய ஒருவர் மட்டும்தான் பாக்கி. அந்த ஒன்றைச் சேருங்கள்."

ராஜா தாமே இறங்கி வந்து, ஏகாம்பரத்தைத் தள்ளிவிட்டு, பலகையில் ஒன்றைக் கூட்டினார். 1000000.

"பார்த்தீர்களா! ஒருவர் முன்னால் நிற்கிறார். ஆறு பேரும் அவர் பின்னால் பூச்சியம் பூச்சியமாகத் தரையில் விழுந்து கிடக்கிறார்கள். பாதியில் நின்று மூட்டு வலி என்று ஒருவரும் சொல்லவில்லை!"

சபை வெடித்துச் சிரித்தது. ஏகாம்பரத்தின் காது எரிந்தது. ஆனால் அவர் லேசில் விடுகிறவர் இல்லை.

"சரி, ராஜா வந்தாயிற்று. அதன் பிறகு மந்திரிகள் தங்கள் இடத்துக்குத் திரும்ப வேண்டுமே? எட்டால் பெருக்குகிறேன்!"

பெருக்கினார். 1142856. "ஏழு இலக்கங்கள்! ஏழு என்ற இலக்கத்தைக் காணோம், ஆறு புதிதாக நுழைந்திருக்கிறது, ஒன்று இரண்டு தரம் வந்திருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்?"

எட்டை இடும்பன் வீட்டில் பெருக்கியே பார்க்கவில்லை. கடைசியில் நின்ற ஆறைப் பார்த்தான், ஏழுக்கு ஒன்று குறைகிறது. முன்னால் பார்த்தான், அங்கே ஒன்று வரிசைக்கு வெளியே தனியாக நிற்கிறது. அவனுக்கு மூச்சு வந்தது.

"ஆறு நாற்காலிக்கு ஏழு பேர் எப்படி உட்கார முடியும் மகாராஜா? யாரோ ஒருவர் ராஜாவின் கண்ணில் படலாம் என்று வரிசையை விட்டு முந்தி ஓடியிருக்கிறார். நம் சபையிலும் இது நடக்காததா? அவரைக் காதைப் பிடித்துக் கடைசியில் கொண்டுபோய்ச் சேருங்கள்."

முன்னால் நின்ற ஒன்றை ராஜா எடுத்துக் கடைசி ஆறோடு சேர்த்தார். 142857.

"திரும்பி வந்துவிட்டார்கள்!" என்று ராஜா சின்னப் பிள்ளையைப் போலக் கூவினார். "நான் ஒன்று கேட்கிறேன். என் வயது ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டால் பெருக்கும்!"

ஏகாம்பரம் பெருக்கினார். 7428564. முந்தி ஓடிய ஏழைப் பிடித்துக் கடைசியில் கூட்டினார்கள். 428571. இடும்பன் தாம்பாளத்தைத் திருப்பி நாலிலிருந்து படித்துக் காட்டினான்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு காதுக்குச் சரிந்தது. "இது கோட்டை வாசலில் வட்டமாகச் செதுக்கப்படட்டும்! பக்கத்து நாட்டான் வந்து தலையைச் சுற்றிச் சுற்றிப் படிக்கட்டும். இடும்பா, யார் உனக்கு இதைச் சொன்னது?"

"ஒரு செக்குமாடு மகாராஜா. அதை ஓட்டிய என் மனைவி செவ்வந்தி."

"வாய்ப்பூட்டு கேட்டவருக்கே அதைப் பூட்டிவிடலாமா?"

ஏகாம்பரத்தின் முகம் வெளுத்தது. இடும்பன் திண்டின் மேலிருந்த பூட்டைப் பார்த்தான்.

"வேண்டாம் மகாராஜா. வாய் போகும் என்றால் எப்படி இருக்கும் என்று மூன்று நாளாக அனுபவித்தவன் நான். யாருக்கும் அது வேண்டாம். எண்கடலாருக்கு ஒரு சின்னக் கணக்கு கொடுங்கள். ஒன்றை ஏழால் வகுத்து, சொச்சத்தைத் தள்ளாமல், முழுதாக முடித்துக்கொண்டு சபைக்கு வரட்டும்."

"இவ்வளவுதானா!" என்று ஏகாம்பரம் பெருமூச்சு விட்டார். "ஒரு நாழிகை போதும்."

ராஜா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. "நல்லது. ஆயிரம் பொன் பரிசு உனக்குத்தான், இடும்பா. எண்கடலார் கணக்கை முடித்துக்கொண்டு வரும் அன்றைக்கே வாங்கிக்கொள்."

இடும்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கணக்கு முடியவே முடியாது என்று இப்போது சொன்னால் குட்டு உடைந்துவிடும். சொல்லாவிட்டால் பரிசு கிடைக்காது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

விஷயத்தைக் கேட்ட செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒழுங்கா ஒரு வேளை உங்க வாய் சும்மா இருந்திருந்தா ஆயிரம் பொன்னு!"

ஒரு நாழிகை ஒரு நாளாயிற்று, நாள் வாரமாயிற்று. ஏகாம்பரம் சபைப் பக்கமே வரவில்லை. மாதம் ஒன்றானதும் இடும்பனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு செம்பு நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். கூடம் முழுக்க ஓலைக் கட்டுகள். நடுவில் ஏகாம்பரம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தொப்பை பாதி கரைந்திருந்தது.

"போதும் எண்கடலாரே. உடம்பு என்னத்துக்காகும்? மீதி எவ்வளவு?"

"ஒன்று."

"ஒன்றுதானே? சொச்சம். தள்ளிவிட்டு வாரும், சபைக்குப் போகலாம்."

ஏகாம்பரம் தலையைத் தூக்கி, கொலைக்குற்றம் செய்யச் சொன்னவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

"தள்ளுவதா? இந்த ஒன்றிலிருந்துதானே ஐயா அடுத்த ஆறு பேரும் பிறக்கிறார்கள்! இத்தனை வருஷம் இதைத்தான் நான் குப்பையில் கொட்டினேன். இனிமேல் தள்ளமாட்டேன்."

"உம்மைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், தள்ளும்!"

"தள்ளமாட்டேன்!"

"என் ஆயிரம் பொன் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது ஐயா! தள்ளும்!"

"முடியாது, முடியாது!"

வாசலில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், மகாராஜா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மேலாடை தரையில் விழுந்து கிடந்தது. ஏகாம்பரம் எழுந்து ஓடிவந்து நெடுஞ்சாண்கிடையாக, முழுதாக, ராஜாவின் காலில் விழுந்தார். அதைப் பார்த்ததும் ராஜா இன்னும் சிரித்தார்.

"இடும்பா, அன்று நீ கணக்குக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம்தான். சபை கலைந்ததுமே நானும் வகுத்துப் பார்த்தேன். ஆறாவது இலக்கத்திலேயே உன் குறும்பு எனக்குப் புரிந்துவிட்டது. விரித்த வலையில் வேடனே எத்தனை நாள் கிடக்கிறான் என்று பார்க்கத்தான் சும்மா இருந்தேன். எழுந்திரும் எண்கடலாரே, கணக்கு முடிந்தது. நாளை முதல் நீங்கள் இருவரும் சபையில் எதிரெதிரே உட்காருங்கள். கூட்டினால் ஒன்பது வருகிறதா பார்ப்போம்."

மறுநாள் இடும்பனுக்கு ஆயிரம் பொன் கிடைத்தது, சபையில் ஒரு நாற்காலியும் கிடைத்தது. கணக்குச் சொன்ன செவ்வந்திக்குத் தனியாக ஒரு பரிசு பட்டுத் துணியில் சுற்றி வந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். பளபளவென்று துலக்கிய வாய்ப்பூட்டு, சாவியோடு.

இடும்பன் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். செவ்வந்தி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

அதன் பிறகு சபையில் இடும்பன் பேசாத நாள் இல்லை. வீட்டில் மட்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பேச்சு வந்தால், மறுபேச்சுப் பேசாமல் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவானாம். கதை இவ்வளவுதான். சொச்சம் ஏதும் இருந்தால் தள்ளிவிடாதீர்கள்.